எண்ணெய் வேகனா, சீமெந்துப் பெட்டியா? செய்யத் தொடங்குமுன் எண்ண வேண்டியவை

போன போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் மாதிரி ரயில் ஓட்டிப் பார்க்க 11 பேர் கூடினோம். ஆறடிக்கு நாலடிப் பலகையில் வட்டப் பாதை. லண்டனிலிருந்து மருமகன் கொண்டுவந்து தந்த எஞ்சின் ஆறு ஆங்கிலேய நிலக்கரி வேகன்களை இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. நாவற்குழியில் பிறந்து, முப்பது வருடமாகக் கொழும்பில் இருக்கும் ஐயா ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எல்லாம் வடிவாத்தான் ஓடுது தம்பி. ஆனா எங்கட கோச்சி எங்க?" என்று கேட்டார்.

இலங்கைப் பாதையில் ஓடிய சரக்கு வேகன் ஒன்றை நாங்களே மாதிரியாகச் செய்வது என்ற பேச்சு அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது. செய்தால் வாங்குவீர்களா என்று கேட்டேன். 11 கையும் உயர்ந்தது. பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது ஒவ்வொருவரிடமும் தனியே போய், எந்த அளவில் வேண்டும், எத்தனை வேண்டும், எவ்வளவு தரலாம் என்று கேட்டேன். மூன்று பேர்தான் நேரான பதில் சொன்னார்கள். மற்றவர்கள் "செய்யுங்கோ, பார்ப்பம்" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. கண்ணால் காணாத சாமானுக்கு யார்தான் விலை சொல்வார்கள்? ஆனால் அந்தப் பதினொன்றை நம்பி ஒரு மோல்டுக்கு (வார்ப்பு அச்சுக்கு) காசு கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கையும் அதற்குப் பிறகு நான் வந்து சேர்ந்த முடிவையும் இங்கே எழுதுகிறேன்.

எந்த வேகன்?

பேச்சில் நாலு பெயர் வந்தது. இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புத்தளம் சீமெந்து ஆலைக்கு அருவாக்காட்டிலிருந்து சுண்ணக்கல் ஏற்றிவரும் வேகன் பார்க்க வித்தியாசமானது. ஆனால் அந்தப் பாதையில் பயணிகள் ரயில் கிடையாது. தேடிப் போனவர்கள்தான் பார்த்திருப்பார்கள். மற்றது களனிவெளிப் பாதையின் சின்ன வேகன். இரண்டரை அடிப் பாதை, அதாவது 762 மி.மீ.; 1990களில் அகலப்பாதையாக மாற்றும்வரை அவிசாவளைப் பக்கம் ஓடியது. எனக்கு அதில் பெரிய ஆசை. ஆனால் அதை ஓட்டத் தனிப் பாதை, தனி எஞ்சின் எல்லாம் வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒருவரிடமும் அது இல்லை.

ஆக, உண்மையான போட்டி இரண்டுக்கிடையில்தான்.

ஐயாவுக்கு வேண்டியது காங்கேசன்துறைச் சீமெந்து ஏற்றிய மூடிய பெட்டி. ஆலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. மூட்டை மூட்டையாகச் சீமெந்து தெற்கே போனதை நாவற்குழி நிலையத்தில் நின்று பார்த்து வளர்ந்தவர் அவர். கடைசிப் பெட்டி போனபிறகு தண்டவாளத்தோரம் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூசு படிந்திருக்கும் என்றும், மழை வந்தால் அது அப்படியே இறுகிவிடும் என்றும் சொன்னார். 1990இல் ஆலையும் நின்றது, வடக்குப் பாதையும் அறுந்தது. யாழ்ப்பாணத்துக்கு ரயில் மறுபடி வர 2014 ஒக்டோபர் ஆகிவிட்டது, காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரி. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கட சனத்தில் இந்தப் பெட்டியைக் கண்டவுடன் கண் கலங்கக்கூடியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அவர்களில் எத்தனை பேர் வீட்டில் பாதை போட்டிருக்கிறார்கள்? அலுமாரியில் வைக்க ஒன்று வாங்குவார்கள். இரண்டாவது வாங்க மாட்டார்கள்.

மற்றது கொலன்னாவை எண்ணெய் வேகன். இன்றும் ஓடுகிறது. கொலன்னாவைக் களஞ்சியத்திலிருந்து மட்டக்களப்புக்கும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் போகிறது. தெமட்டகொடைப் பக்கம் கடவை மூடிக் கிடக்கும்போது அந்த வேகன்களை எண்ணியபடி நின்ற ஆட்கள் கொழும்பில் ஆயிரக்கணக்கு. தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்று வேறுபாடில்லாமல் எல்லோருக்கும் அது தெரியும். முக்கியமான காரணம் வேறொன்று: எண்ணெய் வேகன் ஒன்றாக ஓடுவதில்லை, வரிசையாகத்தான் ஓடும். ஒருவர் ஆறு வாங்கினால்தான் அது ரயில் மாதிரித் தெரியும்.

இதை நான் மிகப் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன். எஞ்சினுக்கு ஆட்களை எண்ண வேண்டும், சரக்கு வேகனுக்கு வேகன்களை எண்ண வேண்டும். "எத்தனை பேருக்கு விருப்பம்" என்று கேட்டால் எண்ணெய் வேகனுக்கும் சீமெந்துப் பெட்டிக்கும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். "உங்களுக்கு எத்தனை" என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. ஆறு வேகனிலும் ஒரே இலக்கம் இருந்தால் யாரும் ஆறு வாங்க மாட்டார்கள். வேகனில் ஒட்டும் இலக்கத் தாளில் பத்துப் பன்னிரண்டு வெவ்வேறு இலக்கங்களாவது இருக்க வேண்டும். அதற்குக் கூடுதல் செலவு மிகக் குறைவு, ஆனால் விற்பனையில் அது காட்டும் வித்தியாசம் பெரிது.

என் தெரிவு எண்ணெய் வேகன். சீமெந்துப் பெட்டியைக் கைவிட எனக்கு மனமில்லை. அது இரண்டாவதாக வரட்டும்.

எந்த அளவு?

இங்கேதான் எங்கள் நாட்டுப் பாதை வேலையைச் சிக்கலாக்குகிறது. இலங்கையின் அகலப்பாதை ஐந்தரை அடி, 1676 மி.மீ. கடையில் வாங்கும் மாதிரி ரயில்களின் அளவுகளான ஹெச்.ஓ., ஓ.ஓ. இரண்டுக்கும் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ஹெச்.ஓ. என்பது 87இல் ஒரு பங்கு, அடிக்கு 3.5 மி.மீ. ஓ.ஓ. என்பது 76இல் ஒரு பங்கு, அடிக்கு 4 மி.மீ. ஐந்தரையை 4ஆல் பெருக்கினால் 22. ஆக, ஓ.ஓ.வில் எங்கள் வேகன் சரியாக நிற்க 22 மி.மீ. பாதை வேண்டும். ஹெச்.ஓ.வில் 19¼ மி.மீ. வேண்டும். 16.5இல் நிறுத்தினால் சில்லுகள் உள்ளே ஒடுங்கி, பெரிய மனிதர் சின்னப் பிள்ளையின் செருப்பைப் போட்டதுபோல் இருக்கும். முன்னாலிருந்து பார்த்தால்தான் அது தெரியும், பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

கணக்கில் ஓர் அழகு உண்டு. அடிக்கு 3 மி.மீ. என்று ஒரு பழைய ஆங்கிலேய அளவு இருக்கிறது, 101.6இல் ஒரு பங்கு. ஐந்தரையை 3ஆல் பெருக்கினால் சரியாக 16.5. அதாவது, கடையில் வாங்கிய சாதாரணப் பாதையிலேயே இலங்கை வேகன் ஒரு மயிரிழை பிசகாமல் சரியான அகலத்தில் ஓடும். முதன்முதல் இதைக் கண்டபோது இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. கொழும்பு ரயிலுக்கென்றே யாரோ வகுத்து வைத்த அளவுபோல் இருந்தது.

ஆனால் அந்த அளவில் எஞ்சின், வீடு, மனித உருவம் எல்லாம் சாதாரணக் கடையில் கிடைப்பது அரிது. ஓ.ஓ. எஞ்சினுக்குப் பின்னால் கோர்த்தால் வேகன் பொம்மைபோல் சிறுத்துப்போகும். எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்யத் துணிந்தவருக்கு 3 மி.மீ. தான் சரி. எங்கள் 11 பேரில் அப்படி ஒருவர் இருக்கிறார். மற்றவர்களுக்கு வேண்டியது, வீட்டில் ஏற்கெனவே இருப்பதோடு கோர்க்கக்கூடிய வேகன்.

வீட்டில் இருப்பது எது என்பது உறவினர் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. லண்டன் ஆட்கள் ஓ.ஓ. கொண்டுவருவார்கள். ரொறன்ரோ ஆட்கள் ஹெச்.ஓ. கொண்டுவருவார்கள். எங்கள் கூட்டம் ஏறக்குறையப் பாதிப் பாதி. இந்தப் பிளவுதான் எப்படிச் செய்வது என்ற அடுத்த கேள்வியைத் தீர்த்து வைத்தது.

எப்படிச் செய்வது?

உருக்கு மோல்டில் பிளாஸ்டிக் வார்ப்பதுதான் கடை மாதிரிகளின் வழி. ஒவ்வொரு வேகனும் ஒரே சீராக, கூர்மையாக வரும். ஆயிரக்கணக்கில் செய்தால் விலை குறையும். ஆனால் காசு முழுக்க மோல்டிலேயே போகும். மோல்டுக்கு 30 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 வேகன் விற்றால் ஒன்றின் தலையில் 6,000 ரூபா விழும். 40 விற்றால் 75,000. அதற்கு மேல்தான் பிளாஸ்டிக், சில்லு, வர்ணம், பெட்டி எல்லாம். மோல்டைச் செய்தபிறகு அளவையும் மாற்ற முடியாது. ஓ.ஓ. என்று வெட்டினால் ஹெச்.ஓ. ஆட்களை இழந்தோம். போதாக்குறைக்கு, காசு டொலரில் போகும். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டதைக் கண்டவர்கள் நாங்கள். ரூபாவில் விலை சொல்லி முன்பணம் வாங்கி, டொலரில் மோல்டுக்குக் கட்டுவது எங்கள் கைக்கு மிஞ்சிய விளையாட்டு.

அடுத்தது, சிலிக்கோன் ரப்பர் மோல்டில், கலந்தால் இறுகும் இரண்டு பங்கு ரெசினை (திரவப் பிளாஸ்டிக்கை) வார்ப்பது. ஒரு மூலத்தைக் கையால் செய்து அதன்மேல் ரப்பர் ஊற்றி எடுத்தால் அந்த மோல்ட் இருபது முப்பது வார்ப்பு தாங்கும். அதன்பிறகு ரப்பர் கிழியத் தொடங்கும். சிறிய எண்ணிக்கைக்கு நல்ல வழி. அமெரிக்காவில் அரிய வேகன்களை விரும்புவோருக்காகச் சிறு பட்டறைகள் பல காலமாக இப்படித்தான் செய்கின்றன. ஆனால் கொழும்புக் காற்று இதற்குப் பகை. பொலியூரித்தேன் ரெசினில் ஒரு பங்கு ஈரத்தோடு சேர்ந்தால் வாயு கிளம்பி, வார்ப்புக்குள் ஊசி முனை அளவில் குமிழி குமிழியாக நிற்கும். கடலிலிருந்து இருநூறு மீற்றரில் இருக்கும் என் வீட்டில், ஒருமுறை திறந்த போத்தல் அடுத்த கிழமை பழையபடி வேலை செய்ததில்லை. குளிரூட்டிய அறையும் அழுத்தப் பானையும் உள்ளவர் செய்யலாம்.

மூன்றாவது, ஒளியில் இறுகும் ரெசினில் த்ரீ டி பிரிண்ட். படலம் ஒன்று 0.05 மி.மீ. மோல்ட் வேண்டாம். ஒன்று கேட்டால் ஒன்று, நாற்பது கேட்டால் நாற்பது. ஓ.ஓ. அளவுக்கு வரைந்த கணினிக் கோப்பு ஒன்றை 87.5 வீதமாகச் சுருக்கினால் ஹெச்.ஓ. ஆகிவிடும். மெல்லிய பாகங்களை மட்டும் மறுபடி பார்க்க வேண்டும். 0.4 மி.மீ. கைப்பிடிக் கம்பி 0.35 ஆகி, பிரிண்டைத் தாங்கி நிற்கும் ஆதாரத் தண்டைப் பிடுங்கும்போதே முறிந்துவிடும். அதற்குப் பித்தளைக் கம்பி போட்டால் தீர்ந்தது.

ஆனால் எண்ணெய் வேகனின் உருளையான தாங்கியை (டாங்கை) முழுதாக இப்படிச் செய்யக் கூடாது. அதை அனுபவத்தில் கற்றேன். முதல் மாதிரியை உள்ளே வெற்றிடமாக விட்டு, அடியில் இரண்டு சின்னத் துளை வைத்து அடித்தேன். வெளியே கழுவிக் காயவைத்தபோது கண்ணாடிபோல் அருமையாக இருந்தது. வர்ணமும் பூசிவிட்டேன். மூன்று கிழமை கழித்து அலுமாரியைத் திறந்தால் தாங்கியின் வயிற்றில் நீளமாக ஒரு வெடிப்பு, அதிலிருந்து பிசுபிசுவென்று ரெசின் கசிந்து தட்டில் ஒட்டியிருந்தது. உள்ளே கழுவுபடாமல் தேங்கிய இறுகாத ரெசின் தாங்கியின் சுவரை உள்ளிருந்தே தாக்கிப் பிளந்திருக்கிறது. காசு வாங்கிக் கொடுத்த ஒருவரின் வீட்டில் இது நடந்திருந்தால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

தீர்வு எங்கள் ஊர் ஹார்ட்வெயர் கடையிலேயே கிடந்தது. வீட்டுக்கு வயரிங் செய்யும்போது சுவரில் பதிக்கும் 25 மி.மீ. கொன்டியூட் குழாய். ஓ.ஓ. அளவில் அது ஆறடி மூன்று அங்குல விட்டத்துக்குச் சமம். ஹெச்.ஓ.வுக்கு 20 மி.மீ. குழாய், ஐந்தடி எட்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. உண்மை வேகனை அளந்து ஒப்பிட்ட பிறகுதான் முடிவு சொல்ல முடியும். ஓரிரு அங்குல வித்தியாசத்தைக் கண் பிடிக்காது. குழாயை வெட்டி, மேலே அச்சடித்திருக்கும் எழுத்தை 600ஆம் இலக்க எமரிக் கடதாசியால் தேய்த்து, இரு முனை மூடிகளையும் மேல்வாயையும் அடிச்சட்டத்தையும் பிரிண்டில் எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது. படலக் கோடு இல்லை, வெடிப்பும் இல்லை. மூடியை ஒட்டுமுன் உள்ளே தூண்டில் ஈயம் போட்டு நிறையைச் சரிசெய்யலாம். அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி ஹெச்.ஓ. வேகனுக்கு ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 18 அடி வேகன் என்றால் 63 மி.மீ., அதாவது இரண்டரை அங்குலம். மொத்தம் இரண்டே கால் அவுன்ஸ், சுமார் 64 கிராம். அந்த நிறை இருந்தால் வளைவில் தடம் புரள்வது குறையும்.

நாலாவதாக ஒரு குறுக்குவழியும் உண்டு. கடையில் விற்கும் ஆங்கிலேய எண்ணெய் வேகனை வாங்கி, வர்ணம் மாற்றி, எங்கள் எழுத்தை ஒட்டுவது. ஒரு கிழமையில் முடியும், நட்டம் வர வழியே இல்லை. ஆனால் இங்கிலாந்துப் பாதை நாலடி எட்டரை அங்குலம். அந்த வேகனின் தோள் ஒடுக்கம். பழக்கப்பட்ட கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். ஐயா கேட்டது எங்கட கோச்சியை. வேறொருவருடைய கோச்சிக்கு எங்கட சட்டை போட்டுக் காட்டினால் அவர் மறுபடியும் அதே கேள்வியைத்தான் கேட்பார்.

குழாயும் பிரிண்டும் சேர்ந்த வழியில் அடிச்சட்டத்தைத் தனித்துண்டாக விடலாம் என்பது இன்னொரு நன்மை. கடையில் கிடைக்கும் ஓ.ஓ. அக்சிலின் (சில்லு அச்சின்) நீளம் 26 மி.மீ.; அதற்கேற்ற பெயாரிங்குகளோடு ஒரு சட்டம். 22 மி.மீ. பாதை போட்டவருக்கு அகலமாகத் தள்ளி வைத்த பெயாரிங்குகளோடு இன்னொரு சட்டம். 3 மி.மீ. அளவுக்கும் கோப்பு இருக்கும். மேலே இருக்கும் குழாயின் விட்டம் மட்டும் அவர் தேடிக்கொள்ள வேண்டியது. கொக்கிக்கு ஐரோப்பிய மாதிரி ரயில் தரமான என்.ஈ.எம். 362 பொருத்தியை வைத்துவிட்டால் ஆங்கிலேயக் கொக்கியோ அமெரிக்கக் கேடிக் கொக்கியோ, அவரவர் விருப்பத்துக்குச் செருகிக்கொள்ளலாம். எத்தனை பேர் எந்த அளவு கேட்பார்கள் என்று இன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாமலேயே தொடங்கக்கூடிய ஒரே வழி இதுதான் என்பதால்தான் இதைத் தெரிந்தேன். கூர்மையில் உருக்கு மோல்ட் இதைவிட ஒரு படி மேல் என்பதை நான் மறுக்கவில்லை.

எப்படிக் கேட்பது?

கை உயர்த்தச் சொல்வதற்குச் செலவில்லை, அதனால் அந்தப் பதிலுக்குப் பெறுமதியும் இல்லை. முழுக்காசையும் முதலிலேயே வாங்குவது மறு எல்லை. அதில் எனக்குப் பயம் உண்டு. 2019இல் பிரித்தானியாவில் ஒரு சிறு மாதிரி ரயில் நிறுவனம் முன்பணம் வாங்கிய வேலைகளை முடிக்காமலே மூடப்பட்டது. காசு தந்தவர்களில் பலருக்கு மாதிரியும் வரவில்லை, காசும் திரும்பவில்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாழும் சின்னக் கூட்டம். இங்கே ஒரு வேகனால் நட்பு முறிந்தால் அதை எந்தப் பசையாலும் ஒட்ட முடியாது.

நடுவழி இது. முதலில் மூன்று மாதிரிகளைச் சொந்தச் செலவில் செய்வேன்: ஓ.ஓ. இரண்டு, ஹெச்.ஓ. ஒன்று. ஒன்றை வர்ணம் பூசாமல் விடுவேன், பாகங்கள் எப்படிச் சேர்கின்றன என்று கையில் எடுத்துப் பார்க்க. அவற்றை மேசையில் ஓட்டிக் காட்டியபிறகு விலையில் கால் பங்கு முன்பணம். இருவர் பெயரில் கணக்கு. குறித்த திகதிக்குள் 40 வேகன்கள் சேராவிட்டால் முழுக்காசும் திரும்பக் கொடுக்கப்படும், சேர்ந்தால் வேலை தொடங்கும். ஏன் 40? சில்லுகளை வெளியூரிலிருந்து தருவிக்கும் கூலியும் இலக்கத் தாள் அச்சிடும் கூலியும் அந்த எண்ணிக்கையில்தான் ஒரு வேகனின் தலையில் பாரமில்லாமல் இறங்குகிறது. 40 பேர் வேண்டியதில்லை. ஏழு எட்டுப் பேர் ஐந்தாறாக எடுத்தாலே போதும்.

40 சேராவிட்டாலும் எனக்கு நட்டம் மூன்று மாதிரியும் கொஞ்ச ரெசினும்தான். கோப்பு இருக்கும். கேட்பவருக்கு ஒன்றொன்றாக அடித்துக் கொடுப்பேன். உருக்கு மோல்டில் 11 கையை நம்பி இறங்கியிருந்தால் இப்படி இலேசாகச் சொல்ல முடியாது.

இனி அளவெடுக்க வேண்டும். ரயில் முற்றத்துக்குள் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது என்பதால் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை கடுகண்ணாவை ரயில் நூதனசாலைக்குப் போய், பழைய வேகன்களின் பஃபர், கொக்கி, அக்சில் பெட்டிகளை அளந்து வர ஒரு சனிக்கிழமையை ஒதுக்கியிருக்கிறேன். காலைக் கோச்சியில் போய்ப் பின்னேரம் திரும்பலாம். கூட வர விரும்புகிறவர்கள் ஒரு நாடாவும் கலிப்பரும் கொண்டுவந்தால் போதும். ஐயா வருவதாகச் சொல்லிவிட்டார். சீமெந்துப் பெட்டியின் கதவுப் பூட்டு தன் நினைவில் இருக்கிற மாதிரித்தானா என்று அவருக்குப் பார்க்க வேண்டுமாம்.

அடுத்த போயாவுக்கு மாதிரிகள் மேசையில் இருக்கும். வருகிறவர்கள் வீட்டில் இருக்கும் பாதையின் அளவு, எத்தனை வேகன், எந்தக் கொக்கி என்ற மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.